டபுள் விசில்

மைக்ரோஸ்கோப்பின் கீழே, கண்ணாடித் தட்டில் துடித்துக்கொண்டிருந்தது பஸ் கண்டக்டர் இன்னாசியின் இதயம். அவர் தோலிலிருந்து செல் எடுத்து டாக்டர் நஸ்ரின் வளர்த்த துளி இதயத் தசை.

“‘வளரு, வளரு’ன்னு உள்ள சிக்னல் ஓயாம போகுது சார். அதான் உங்க இதயம் தடிச்சுட்டே வருது. இந்த மருந்து அதை நிறுத்தும். தட்டுல இருக்கற தசை தாங்கினாத்தான் உங்களுக்குக் குடுப்பேன். வேற மருந்து இல்ல.”

“எவனோ டபுள் விசில் குடுத்துட்டே இருக்கான், வண்டி ஓடுது. நீங்க ஒத்த விசில் அடிங்கம்மா, நிக்கும்.”

நஸ்ரின் ஒரு சொட்டு விட்டாள். துடிப்பே நின்றுபோனது.

“வளர்றத நிறுத்தச் சொன்னா வண்டியவே நிறுத்திட்டீங்களே!” என்றார் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்த இன்னாசி.

ஆனால் அவர் பதறவில்லை. மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், உதட்டைக் குவித்து இரண்டு விசில் அடித்தார்.

தட்டின் ஓரத்தில் ஓர் இழை அசைந்தது.