கூடத்துத் தரைக்கல்

எங்கள் கூடத்துத் தரைக்கல் ஒன்றில், தையல் போட்டது போல இரண்டு வரிசைப் புள்ளிகள் இருந்தன. பாறை ஆராய்ச்சி செய்யும் என் மைத்துனன் குனிந்து பார்த்தான்.

"மாமா, இது பூச்சி மாதிரி ஒண்ணு கடலடிச் சேத்துல ஊர்ந்த தடம். ஐம்பது கோடி வருஷம் இருக்கும். அப்ப கரையில ஒரு புல்லுகூட முளைக்கலை."

அவன் அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, அது பிடிக்கவில்லை. பாலிஷ் போடுகிறவரை வரவழைத்துத் தேய்க்கச் சொன்னோம். தடம் போய்விட்டது. மறுநாள் பக்கத்துக் கல்லில் இருந்தது.

"அது வேற குவாரிக் கல்லு சார்" என்றார் மறுபடி வந்து பார்த்த பாலிஷ்காரர். மெஷினை ஏற்றிக்கொண்டு போனவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை.

அதன்பின் தடம் தினமும் ஒரு கல் தாண்டியது. நாங்களும் அதன்மேலேயே பெருக்கித் துடைத்துப் பழகிவிட்டோம். வேறென்ன செய்ய?

இன்று காலை அது படுக்கையறைக்குள் வந்து, கட்டிலின் மரக்காலில் ஏறியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். புள்ளி விழுந்த இடமெல்லாம் மரம் கல்லாகியிருந்தது.

"என்னங்க, இந்தக் காலைக் கொஞ்சம் தூக்கி விடுங்களேன்" என்றாள் மனைவி, படுத்தபடியே. "ஏனோ கனமா இருக்கு."

போர்வையை விலக்க எனக்குக் கை வரவில்லை.