கேப்டன் சாப்பிட்டு ஒன்பது நாள்

இன்னும் மூன்று நாள் தாங்கினால் பூமி.

கப்பலில் நான்கு வயிறு. புளியோதரை டப்பா மூன்று.

ஜெயக்கொடி கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

ஆட்டம் தொடங்கும்போது ஆட்களுக்குப் பெயர் கேட்டது. அவளுக்கு வேறு பெயர் தோன்றவில்லை. மாமனார், கணவர் தட்சிணாமூர்த்தி, மகன் நவநீதன். கேப்டன் மட்டும் ஜெயக்கொடி. வீட்டில் கிடைக்காத பதவி விண்வெளியிலாவது கிடைக்கட்டுமே.

ஏழு முறை ஆடிவிட்டாள். ஏழு முறையும் செத்தது கேப்டன்தான்.

கப்பலின் கணினி அதை வெகு குஷியாக அறிவிக்கும். "கேப்டன் பட்டினியால் காலமானார். மற்ற மூவரும் நலம். கப்பல் ஓட்டத் தெரிந்தவர்தான் யாரும் இல்லை. உடலை வெளியே தள்ளவும். இடத்துக்குப் பஞ்சமில்லை."

சனியன் பிடித்த கணினி.

இந்த முறை விடுவதாக இல்லை.

மேசையில் வஞ்சிரக் குழம்பு மூடியபடி இருந்தது. ஆண்கள் மூவரும் காலையிலேயே ஒரு பழைய காரைப் பார்க்கப் போனவர்கள். ஒரு மணிக்கு நவநீதன் கூப்பிட்டு, "வந்துட்டே இருக்கோம்மா" என்றான். அதை நம்பி அவள் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டாள். போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். டாக்டர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்ன விஷயம்.

இப்போது மணி இரண்டு ஐம்பது.

அவர்கள் வராமல் சட்டியைத் திறந்து பழக்கமில்லை. இருபத்தாறு வருஷம். யாரும் கட்டளை போடவில்லை. நீ சாப்பிடு என்றும் யாரும் சொல்லவில்லை.

முதல் டப்பா மாமனாருக்கு.

இரண்டாவது தட்சிணாமூர்த்திக்கு. திரையில் அவர் ஏப்பம் விட்டார். அப்படியே அவர்தான்.

"கேப்டனின் கை நடுங்குகிறது" என்றது கணினி.

ஜெயக்கொடியின் விரலும் நடுங்கியது. ஆட்டத்துப் படபடப்பு என்று நினைத்துக்கொண்டாள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் கழுத்தில் வியர்த்து வழிந்தது.

மூன்றாவது டப்பா.

"நவநீதன் நேற்றுத்தான் சாப்பிட்டான். பசிக்கிறது என்கிறான். கேப்டன் சாப்பிட்டு ஒன்பது நாள். எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போல."

விரல் மகன் பெயரின்மேல் போய் நின்றது. அதற்கு யோசனையே தேவைப்படவில்லை.

அழுத்தப் போனாள். பெயர் இரண்டாகத் தெரிந்தது. நவநீதன், நவநீதன். கண்ணைக் கசக்கினாள். அப்போதும் இரண்டு.



இந்த நடுக்கம் ஆட்டத்தினுடையது இல்லை. வெறும் வயிற்றில் போட்ட மாத்திரையினுடையது.

எழப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. வீட்டில் கூப்பிட ஓர் ஆள் இல்லை. செத்துப்போவோம் என்று நிஜமாகவே பயந்தாள்.

விரலை இழுத்து கேப்டன்மேல் அழுத்தினாள்.

"கேப்டன் சாப்பிடுகிறார்" என்றது கணினி. கொஞ்சம் யோசித்து, "மன்னிக்கவும், எனக்கும் இது புதிது" என்றது.

காலைக் காப்பிக்கு எடுத்த சர்க்கரை டப்பா மேசையிலேயே இருந்தது. திறக்க வரவில்லை. பல்லால் கடித்துத் திறந்தாள். பாதி மடியில் கொட்டியது, பாதி வாய்க்குள் போனது. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது.

பிறகு சோற்றைத் தட்டில் போட்டாள். குழம்புச் சட்டியைத் திறந்தாள். நடுத்துண்டு, எப்போதும் கணவருக்கென்று ஒதுக்கி வைப்பது. அதையே எடுத்தாள்.

ஐந்தாவது கவளத்தில் அழைப்பு மணி அடித்தது.

பையில் சாவி இருந்தாலும் மணியைத்தான் அடிப்பார்கள்.

மறுபடியும் மணி. மறுபடியும்.

அவள் முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்தாள்.

"சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்றாள், கதவைத் தாண்டிக் கேட்கும்படி.

மணி நின்றது.

வெளியே யாரோ சாவியைத் தேடும் சத்தம் கேட்டது.