குட்டைக்கால் கங்காணி

முதல் கடி வீரய்யா கங்காணியின் இடது குதிகாலில் விழுந்தது.

பாடையின் முன்பக்கம் அவர் தோளில் இருந்தது. "ஆத்தே" என்று ஒரு காலைத் தூக்கினார். பாடை சாய்ந்தது. தூக்கிய மற்ற மூன்று பேரும் சேர்ந்து சாய்ந்தார்கள். தப்பு அடித்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

பாடையில் இருந்தவர் என் வீட்டுக்காரர். கடித்தது அவர் வளர்த்த நாய்.

அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளிலிருந்து வரும் பாதை ரெண்டாகப் பிரியும் இடம் ஒன்று உண்டு. அங்கே பாடையை இறக்கி, திசை மாற்றித் தூக்குவார்கள். அதற்கு மேல் பெண்கள் போகக் கூடாது. ஆண்கள் மட்டும் இடுகாட்டு மேட்டில் ஏறுவார்கள். நாங்கள் நின்றுவிடுவோம்.

இந்த வழக்கமெல்லாம் நாய்க்குத் தெரியாது. ஒரு கூட்டம் ரெண்டாகப் பிரிகிறது, பிரிய விடக் கூடாது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சீமையில் மாடு மேய்க்கிற சாதி அது. ஒன்றரை முழ உடம்பு, சாண்கூட இல்லாத கால், நரி மூஞ்சி, வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மாடு உதைத்தால் உதை தலைக்கு மேலே போகட்டும் என்றுதான் கால் அவ்வளவு குட்டையாம்.

ஐம்பத்தெட்டில் பங்களாவிலிருந்த வெள்ளைக்காரத் துரைசாணி ஊருக்குப் போகும்போது அதை எங்களிடம் விட்டுவிட்டு, தோட்டத்துத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். வாரம் ரெண்டு தரம் முடி சீவ வேண்டும், இல்லாவிட்டால் உன் சோற்றில் கிடக்கும். உயரத்திலிருந்து குதிக்க விடாதே, முதுகு நீளம். அட்டை ஏறினால் விரலிடுக்கில் உப்புத் தண்ணீர் விடு. பட்டினி கிடப்பதுபோலப் பார்க்கும், நம்பாதே.

என் வீட்டுக்காரர் நம்பினார். அவர் ரொட்டியில் பாதி அதற்குத்தான்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையை விட்டு விலகி நின்று கதை பேசுகிற பெண்களை அது குதிகாலில் கவ்விக் கவ்வி வரிசைக்குள் தள்ளும். பல் பதியும், தோல் கிழியாது. அதற்குக் குட்டைக்கால் கங்காணி என்று பெயர் வந்தது அதனால்தான். நெட்டைக்கால் கங்காணியான வீரய்யாவுக்கு அன்றிலிருந்தே அதைப் பிடிக்காது.

நாலு பேரும் பாடையைச் சரிசெய்துகொண்டு மறுபடி மேட்டில் ஏறினார்கள். நாய் முன்னால் ஓடி மறித்துக் குரைத்தது. பின்னால் வந்து கவ்வியது. நாலு பேரும் கால் பின்னி, ஒவ்வோர் அடியாக இறங்கி, பெண்கள் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

பாடை என் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

வீரய்யா கங்காணி பாடையைப் பார்த்தே கேட்டார். "டேய் பழனியாண்டி, நீ போறியா, இல்ல நாளைக்குக் காலையில பெரட்டுக்குப் பேரு குடுக்க வரப் போறியா?"

ரெண்டு பேரும் சின்ன வயதிலிருந்து கூட்டாளிகள். யாரோ ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பிடிக்கப் பார்த்தார்கள். தேயிலைக்கு அடியில் புகுந்துவிட்டால் அதற்கு ராஜபாட்டை, மனுசனுக்கு முழங்கை மட்டும்தான் நுழையும். காளியாயி ஒரு துண்டு ரொட்டியைக் காட்டிக் கூப்பிட்டாள். வந்து தின்றது. தின்றுவிட்டு, விலகி நின்ற காளியாயியையும் கூட்டத்தில் சேர்த்தது.

மறுபடி ஏறினார்கள். மறுபடி இறங்கினார்கள். பாடையில் என் வீட்டுக்காரர் நெற்றித் திருநீறு கொஞ்சமும் கலையவில்லை.

ஐப்பசி மாதம். எதிர் மலை ஏற்கெனவே மறைந்துவிட்டது. மழைக்கு முன்னால் மண் போட்டாக வேண்டும். சரிவில் வெட்டிய குழியில் தண்ணீர் இறங்கினால் இறைத்து மாளாது.

ஒரே ஒரு விசிலுக்குத்தான் அந்த நாய் அடங்கும். நீளமாக ஒன்று, குட்டையாக ரெண்டு. என் வீட்டுக்காரர் பங்களா மேட்டில் நின்று வாயில் விரலை வைத்தால், எங்கே ஓடிக்கொண்டிருந்தாலும் அப்படியே படுத்துவிடும். தோட்டமே பார்த்திருக்கிறது.

"அந்த விசில இப்ப யாருகிட்டப் போயிக் கேக்குறது?" என்றார் வீரய்யா கங்காணி.

மூன்றாவது தடவையும் பாடை வந்து என் பக்கத்தில் நின்றது.

அப்போதுதான் முதல் துளி விழுந்தது, அவர் நெற்றியில். திருநீறு கரைந்து புருவத்துக்கு இறங்கியது. மழையில் நனைந்து வந்த காய்ச்சல்தான் அவரைக் கொண்டுபோயிருந்தது.

நான் ரெண்டு விரலை வாயில் வைத்தேன். நீளமாக ஒன்று, குட்டையாக ரெண்டு.

நாய் படுத்தது. முன்கால்மேல் தாடையை வைத்துக்கொண்டது.

புருசன் பாடைக்கு முன்னால் விசில் அடித்தவளை அந்தத் தோட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை. அழுதவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"அடிப்பாவி, இத்தன நாளா ஊதுனது நீயா?" என்றார் கங்காணி.

நான்தான். அவருக்கு முன்பல் ரெண்டும் கிடையாது, ஊதினால் வெறும் காற்றுதான் வரும். அவர் விரலை வைத்துக்கொண்டு எல்லாரும் பார்க்க நிற்பார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் குனிந்து மாட்டுக்குப் புல் அறுக்கிற சாக்கில் ஊதுவேன். மூன்று வருடம் அப்படித்தான் நடந்தது.

படுத்திருந்த நாயைத் தாண்டி நாலு பேரும் மேட்டில் ஏறினார்கள். தப்புச் சத்தம் மறுபடி கேட்டது.

முன்னாலேயே ஊதியிருக்கலாமே என்று கங்காணி கேட்கவில்லை. வெட்கத்தில் நின்றுவிட்டேன் என்றுதான் பிறகு லயத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் இல்லையென்று சொல்லவில்லை.

மூன்று தடவை அவர் என்னிடம் திரும்பி வந்தார். நாலாவதுக்கு மழை விடவில்லை.