சீனி சலிக்கிற குவளை

மச்சத்தை மட்டும் அவள் கேக்கின் மேல் வைக்கவில்லை.

மற்றவையெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பழுப்புக் காகிதத்தில் வெட்டிய மூக்குக்கண்ணாடி. அதன் கீழே மீசை. துவரம்பருப்பு அளவில் வெட்டிய வட்டத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

காகிதம், அவள் கணவர் சட்டை தைக்க அளவு வெட்டுவது. கத்தரி, துணியைத் தவிர வேறெதிலும் படக்கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தது.

இருக்கட்டும்.

குவளையை எடுத்தாள்.

எவர்சில்வர் குவளை. அடியில் சல்லடை, பக்கத்தில் கைப்பிடி. பிடியை அழுத்த அழுத்த மாவோ சீனிப்பொடியோ பொலபொலவென்று உதிரும். கேக் வகுப்புக்குப் போன காலத்தில் மகள் வாங்கியது. அப்பாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக்கின் மேல் அவர் முகத்தைச் சீனியில் கொண்டுவந்துவிடுவாள். என் மூஞ்சியை நானே வெட்டணுமா என்று அவர் அலுத்துக்கொள்வார். மீசைத் துண்டை யாருக்கும் கொடுக்கமாட்டார்.

அந்த மகள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள்.

அன்று மாலையே கேக் தட்டுகளையும் முட்டை அடிக்கிற மெஷினையும் வாரிக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தார். இனி இந்த வீட்டில் மகள் பேச்சே கூடாது என்றார். இந்தக் குவளையை முறுக்குக் குழல் என்று நினைத்து விட்டுவிட்டார். அடுப்படியை என்றைக்காவது எட்டிப் பார்த்திருந்தால்தானே தெரியும்.

அதற்குப் பிறகு வந்த பிறந்தநாள்களில் கேக் இல்லை. மகள் பேச்சும் இல்லை.

அவளும் அழுது பார்த்தாள். சாப்பிடாமல் படுத்துப் பார்த்தாள். மனிதர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இன்று மறுபடியும் அவர் பிறந்தநாள். மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதில் அவளுக்கு இரண்டாம் பேச்சு இல்லை. மகளைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை தானாக வந்துவிட்டால் போதும். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

மகள் போனில் சொல்லச் சொல்ல, குக்கரில் உப்பைப் பரப்பி, அகலச் சட்டியில் கேக்கை வேகவைத்தாள். சூட்டோடு தூவினால் சீனி உருகிவிடும் என்பதையும் மகள்தான் சொன்னாள். அதனால் காலையிலேயே செய்து, தண்ணீர்த் தட்டின் நடுவில் ஆறவைத்திருந்தாள். பிறகு சாப்பிடலாம் என்று எடுத்துவைக்கிற இனிப்பெல்லாம் இந்த வீட்டில் தண்ணீர்த் தட்டில்தான் இருக்கும். அப்படி ஒரு எறும்பு.

முதல் அழுத்து வெறும் கிண்ணத்தில். கட்டி இருந்தால் அங்கேயே விழட்டும்.

பிறகு கையை உயர்த்தினாள்.

கிர்ர். கிர்ர்.

கோகோ நிறக் கேக் மெல்ல வெளுத்தது. மணிக்கட்டு வலித்தது. ஓரம்வரை வெளுக்கும்வரை அவள் நிறுத்தவில்லை.

ஊசி முனையால் காகிதங்களைத் தூக்கினாள்.

வெள்ளைக்கு நடுவில் கண்ணாடி. மீசை. அவரேதான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்தார். தையல்காரர். தெருவில் போகிறவன் சட்டையில் பொத்தான் ஒன்று குறைந்தால்கூட, நிறுத்திச் சொல்லாமல் நகரமாட்டார். அந்தக் குணத்தை நம்பித்தான் அவள் இதில் இறங்கினாள்.

தண்ணீர்த் தட்டிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருந்த கேக்கைப் பார்த்தார். முகம் இறுகியது.



சட்டையைக் கழற்றி மாட்டினார். கை கழுவினார். வந்து உட்கார்ந்தார்.

கத்தியை எடுத்தார். வைத்தார்.

கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கேக்கில் என்னவோ அவரை உறுத்தியது.

அவர் விரல் தன் இடது கன்னத்துக்குப் போயிற்று.

"மச்சத்த எங்க? அவ மச்சம் வைப்பால்லா."

சொன்ன பிறகுதான், சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காகித வட்டத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"வைக்கிறவ வந்து வைக்கட்டும்."

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றாடிக் காற்றில் அது பறந்துவிடப் பார்த்தது. விரல்களை மடக்கிக்கொண்டார்.

இன்னொரு கையால் கத்தியை மேசையின் அந்தப் பக்கம் தள்ளினார்.

எறும்பு வந்துவிடும், தட்டில் தண்ணீர் கொண்டுவா என்றார்.