நான்காவது பல்சக்கரம்

பந்தயம் தொடங்க இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. தெருமுனை மேட்டில் மிதித்து ஏறும் மனைவியின் சைக்கிளில் செயின் மறுபடியும் ‘டக்’கென்று நழுவுகிறது. சைக்கிள் கடை வாசலில் ஸ்க்ரூடிரைவரோடு நிற்கும் அவள் புருஷன், மெக்கானிக்குக்கு அது நெஞ்சிலேயே இடிக்கிறது. காலையிலிருந்து கியர் கம்பியை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தாயிற்று. “நாலாவதுல மட்டும்தாங்க நழுவுது,” என்று மூச்சிரைக்க வந்து இறங்குகிறாள். அவன் மண்டியிட்டுப் பின்சக்கரத்தில் டார்ச் அடிக்கிறான். மற்ற பல்சக்கரங்கள் ஒழுங்காக இருக்க, நான்காவதின் பற்கள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஊசியாய் மின்னுகின்றன. இரண்டு வருடமாக அவள் விட்டு இறங்காத கியர் அது. அதன்மேல் பளபளவென்று புதுச் செயின். அவள் அசந்துபோகட்டும் என்று நேற்று அவனே பரிசாக மாட்டியது. “அட மடையா!” என்று தன் தலையில் தானே தட்டிக்கொள்கிறான். “தேஞ்ச பல்லுல புதுச் செயின் எப்படி உக்காரும்? பழைய செயினும் இந்தப் பல்லும் ஒண்ணாத் தேஞ்சதுங்க. அதுதான் கவ்வும்!”

“பழசு எங்க?” என்கிறாள்.

குப்பை டிரம் கவிழ்கிறது. வாழைப்பழத் தோலுக்கும் கந்தல் துணிக்கும் நடுவிலிருந்து கிரீஸ் வழியப் பழைய செயினை உருவி எடுக்கிறாள். “பரிசு குடுக்குற மூஞ்சியப் பாரு!” என்று அவள் சிரிக்கச் சிரிக்க, அவன் விரல்கள் புதுசைக் கழற்றிப் பழசின் கண்ணியைக் கோத்துவிடுகின்றன. மேட்டில் ஏறுகிறாள். கரகரவென்ற பழைய முனகல் மட்டும் கேட்கிறது, ‘டக்’ இல்லை. உச்சியைத் தொட்டவள் திரும்பவே இல்லை, நேரே பந்தயத்துக்கே பறக்கிறாள். பட்டறை மேசையில் கிடந்த ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு, “ஏய், தலை! தலை!” என்று கத்தியபடி அவன் பின்னால் ஓடுகிறான்.