கழட்டிய சாமான்

"உள்ள பல்லு பூராத் தேஞ்சு போச்சு. இந்த ஸ்டீயரிங்கோட அரியலூர் போறதுன்னா, வழியில ஏதாவது ஒரு புளியமரத்தத்தான் கட்டிப் பிடிக்கணும்" என்றபடி காருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார் மெக்கானிக் அய்யம்பெருமாள்.

ஞானமுத்து நம்பவில்லை. அவர் எந்த மெக்கானிக்கையும் நம்பியதில்லை. பம்புசெட் பார்க்க ஆள் வந்தால் பக்கத்திலேயே குந்தியிருந்து, கழட்டிப் போட்ட வாஷரைக்கூட வாங்கி மடியில் கட்டிக்கொள்கிற ஆள் அவர்.

"லேசா உதறுதுன்னுதானே காட்ட வந்தோம்? பெரம்பலூர் வர்ற வரைக்கும் நல்லாத்தான்யா வந்துச்சு."

"நல்லா வந்துச்சுன்னா இங்க ஏன் நிறுத்துனீங்க பெரியவரே? போயிட்டே இருக்க வேண்டியதுதானே?"

ஞானமுத்து பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் அண்ணன் மகன் சின்னப்பராஜ் அவரைத் தள்ளிக்கொண்டு போனான்.

"சண்டை போடாதீங்க சித்தப்பா. இன்னிக்கு விட்டா அப்புறம் கெடையாது."

அதுவும் சரிதான். அரியலூர் ரிஜிஸ்தர் ஆபீசில் இன்றைக்குத்தான் கல்யாணக் கையெழுத்து. செங்கமலம் மாற்றுப் புடவைகூட இல்லாமல் தையல் கிளாஸ் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பன் ரைஸ்மில் வேணுகோபாலுக்கு சர்ச்சுக்குப் போகிற வேதக்கார மாப்பிள்ளை என்றாலே ஆகாது. அவரிடம் காரும் இருக்கிறது, கையாளும் இருக்கிறது. கையெழுத்து விழுவதற்குள் ஆபீசுக்கு வந்துவிட்டால் பெண்ணைத் தரதரவென்று இழுத்துப் போய்விடுவார்.

அதற்காகத்தான் ஏற்காட்டு சிநேகிதனிடம் இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இரவல் வாங்கி வந்திருந்தான் சின்னப்பராஜ். இரண்டே சீட்டு. பெண்ணை ஏற்ற வேண்டுமானால் சித்தப்பா இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டியதுதான்.

"சீமை வண்டியாச்சே. இதுக்கு ஸ்டீயரிங் ராக் எங்க கெடைக்கும்?" என்றான் சின்னப்பராஜ் கவலையோடு. ராக் என்பது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் இரண்டையும் இழுத்துத் திருப்புகிற பல் வைத்த தண்டு.

அய்யம்பெருமாள் ஷெட்டு மூலையில் நின்ற சாம்பல் நிற ஹெரால்ட் காரைத் தாடையால் காட்டினார். "அந்த ராக் இதுக்கு ஒக்காரும். பிடிக்கிற பிராக்கெட்ட மட்டும் கொஞ்சம் ராவி விடணும்."

"அது யாரு வண்டி?" என்றார் ஞானமுத்து.

"சர்வீசுக்கு வந்தது."

"அடுத்தவன் வண்டியில கழட்டி எங்களுக்கு மாட்டுவ. நாளைக்கு எங்க வண்டியில கழட்டி எவனுக்கு மாட்டுவ?"

"அவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஒங்களுக்குக் கல்யாணத்துக்குப் போவணுமா, இங்க பஞ்சாயத்துப் பேசணுமா?"

"கல்யாணம்னு ஒங்கிட்ட யாருய்யா சொன்னா?"

"பையன் புதுச்சட்டை, காலர்ல மஞ்சள். கருமாதிக்கா போவீங்க?"

சின்னப்பராஜ் சிரித்துவிட்டான். ஞானமுத்து சிரிக்கவில்லை. இரண்டு வண்டியும் ஜாக்கியில் ஏறின. அய்யம்பெருமாள் கழட்டினார், அரத்தால் ராவினார், வைத்துப் பார்த்தார், மறுபடியும் ராவினார். ஞானமுத்து கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

வேலை முடிந்ததும் கையை நீட்டினார். "கழட்டுன பழச எடு."

"அது எதுக்குங்க ஒங்களுக்கு? ஓரமாக் கெடக்கட்டும்."

"நீ தொடச்சு வச்சு இன்னொருத்தன் தலையில கட்டவா? இரவல் வண்டிய்யா. வண்டிக்காரனுக்குக் காட்டணும்."

மெக்கானிக் அரைமனதாகக் கொடுத்தார். ஞானமுத்து அதைத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

"கூலி எவ்வளவுங்க?" என்று கேட்டான் சின்னப்பராஜ்.

"திரும்பி வர்றப்ப ரெண்டு பேரும் சேந்து வாங்க தம்பி. அப்பப் பாத்துக்கலாம்."

கூலி வேண்டாம் என்கிற மெக்கானிக்கை ஞானமுத்து பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. சந்தேகம் இன்னும் கூடியது. சிவப்புக் கார் உதறல் இல்லாமல் நேராகப் போய்த் தையல் கிளாஸ் தெருவில் திரும்பியது.

பஸ் வரும்வரை ஞானமுத்து ஷெட்டு பெஞ்சில் உட்கார்ந்து துண்டைப் பிரித்தார். தண்டின் நுனியைப் பிடித்துத் தள்ளினார். எண்ணெயில் விட்ட மாதிரி இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் வழுக்கிக்கொண்டு ஓடியது. எங்கும் ஒரு தட்டல் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை.

"அடப் பாவி! இதுல என்னய்யா தேஞ்சிருக்கு?"

"சத்தம் போடாதீங்க" என்றார் அய்யம்பெருமாள், ரோட்டையே பார்த்துக்கொண்டு.

"அப்ப வண்டி உதறுனது?"

"சக்கரத்து நட்டு லூசு. அப்பவே முடுக்கிட்டேன்."

"திருட்டுப் பயலே..." என்று ஞானமுத்து எழுந்தபோது, ஒரு சைக்கிள் கிரீச்சென்று வந்து நின்றது. மூச்சிரைக்க இறங்கினார் ஒரு பருத்த மனிதர். பின்னாலேயே இரண்டு ஆட்கள் தடியோடு ஓடி வந்தார்கள்.

"மச்சான்! செங்கமலம் அந்த வேதக்காரப் பயலோட போயிட்டா! அரியலூருக்காம். என் வண்டிய எடு!"

அய்யம்பெருமாள் நிதானமாக ஹெரால்டின் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். "எடுக்கலாம் மாப்ள. ஸ்டீயரிங் ராக்தான் இல்ல. கழட்டி அனுப்பியிருக்கேன்."

"கிரீஸ் அடிக்கத்தானேய்யா விட்டேன்! நீ அவளுக்குத் தாய்மாமன், இப்படிக் கல்லாட்டம் நிக்கிறியே!" என்று கத்திய வேணுகோபாலின் கண் பெஞ்சுப் பக்கம் போனது. "அந்தா, அந்தாளு கையில இருக்கே, அது என்ன? அத மாட்ட முடியாதா?"

அய்யம்பெருமாள் பானெட்டை விட்டுவிட்டு ஞானமுத்துவின் பக்கம் திரும்பினார்.

ஞானமுத்து அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு துண்டை இழுத்து மூடிக்கொண்டு சொன்னார்: "இதுவாங்க? எங்க வண்டியோடது. உள்ள பல்லு பூராத் தேஞ்சு போச்சு."