அடியில் கிடந்த உறை

தீயணைப்பு வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் ஆறு பேருக்கு ஆறு ஜோடி கையுறைகள் இருந்தன. ஒரு ஜோடியில் இடது உள்ளங்கை கிழிந்திருந்தது. மணி அடித்த அவசரத்தில் அது கைக்கு வந்தால், மாசிலாமணி அதைப் பெட்டியின் அடியில் திணித்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வார். பதினெட்டு வருட சர்வீஸுக்குப் பிறகு இதற்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு யார் அலைவது? எப்படியும் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்.

பஞ்சு குடோன் எரிந்த அன்று வண்டியில் கடைசியாக ஏறியவன் ஜெபராஜ். அடியில் கிடந்ததுதான் அவனுக்கு மிச்சம். கொதித்துக் கிடந்த இரும்புக் கதவை அவன் இடது கையால் தள்ளியபோது, பின்னால் தண்ணீர்க் குழாயைத் தாங்கி நின்றவர் மாசிலாமணிதான்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துப் படுத்திருந்தான் ஜெபராஜ். அவர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த உறை கிழிஞ்சது எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா."

"எனக்கும் தெரியும்ணே," என்றான் அவன். "போன மாசம் என் கைக்குத்தான் வந்துச்சு. நானும் அடியிலதான் தள்ளி வச்சேன்."

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் பெட்டியைத் திறந்தார். கரி போகக் கழுவி, காயவைத்து, யாரோ அதை மறுபடியும் அடியிலேயே வைத்திருந்தார்கள். அவர் அதை எடுத்துக் கிழிசல் தெரியும்படி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

அப்போது மணி அடித்தது. மற்ற நால்வரும் ஓடி வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். இன்று நல்ல ஜோடி ஐந்து, ஆளும் ஐந்து. இருந்தும், மேலே கிடந்த அந்தக் கிழிசலை மற்றவர்கள் பார்க்க ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுக்க, யார் கையும் முதலில் பெட்டிக்குள் நீளவில்லை.